எங்கள் இரவுக் காவலர் ஜாகா ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

நேற்று மாலை என் ஆய்வைப் படைத்து முடித்தேன். கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. அது நிற்பதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

ஆறாவது வாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். செல்களை வளர்க்கும் இளஞ்சிவப்பு ஊடகத் திரவம் கிருமி புகுந்து ஒரே இரவில் மஞ்சளாகிக் கலங்கியதை மறுபடி சொல்ல மனம் வரவில்லை. 1910-இல் மஞ்சூரியக் கொள்ளைநோயை எதிர்த்து நின்ற வூ லியன் தே பிறந்த பினாங்கில் ஆய்வு கற்கிறோம் என்று பெருமையோடு ஆய்வகத்துக்குள் போனவள், அன்று இரவு வாசலில் அழுதுகொண்டு நின்றேன்.

அப்பாவுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் மாலை ஷிப்ட். 11 மணிக்கு முடித்துப் பாலம் கடந்து வருவதற்குள் நள்ளிரவாகிவிடும். ஜாகா ஐயா தம் அறையிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். எனக்குத்தான் என்று நினைத்தேன். "நீ உள்ளே மேசையருகே உட்காரம்மா" என்று சொல்லிவிட்டு, அவர் வெளியே உட்கார்ந்தார். மின்விசிறியை என் பக்கம் திருப்பினார். கொசுவர்த்தியை என் காலருகே நகர்த்தி வைத்தார். மழை பிடித்தது. தகரக் கூரைக்குக் கீழே அவருடைய ஒரு தோள் முழுவதும் நனைந்தது. ஏன் அழுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள், திரவ நைட்ரஜனில் −196 டிகிரியில் உறைய வைத்திருந்த செல்களில் மிச்சமிருந்த கடைசிக் குப்பியை உருக்கினோம். அன்றிரவுதான், "என்னம்மா வளர்க்கிறாய்?" என்று கேட்டார். உயிருள்ள செல்கள் குடுவையின் அடியைப் பிடித்துக்கொள்ளும், செத்தவை மிதக்கும், அதனால் மணிக்கொரு முறை எடுத்துப் பார்க்கிறேன் என்றேன்.

அவர் இளவயதில் கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மர (ரப்பர்) கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டியவராம். "கட்டி மூன்று வாரம் தொடக் கூடாது. நடுவில் பிரித்துப் பார்த்தால் பிடிக்காது. பிறகு கீறிப் பார்த்தால் பச்சையாக இருக்கும்" என்றார்.

சீனியர் அக்காவும் பகலில் அதையேதான் சொல்லியிருந்தார்: முதல் நாள் செல்களை அசைக்காதே என்று. பயத்தில் என் காதில் ஏறவில்லை. மறுநாள் மதியம் வரை இன்குபேட்டர் கதவைத் திறக்கவே இல்லை. பிறகு நுண்ணோக்கியில் பார்த்தேன். பிடித்திருந்தன, நீண்டு, பரந்து.

அன்றிரவு நான் வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு, "பச்சையா?" என்று குரல் கொடுத்தார். தலையைத்தான் ஆட்ட முடிந்தது.

தம் ஊடகப் புட்டிகளைப் பகிர்ந்துகொண்ட நண்பர்களுக்கும், ஒரு கடிந்த சொல்லும் சொல்லாத பேராசிரியருக்கும், சீனியர் அக்காவுக்கும், தினமும் இரண்டு வேளைச் சோறு கட்டித் தந்த அம்மாவுக்கும், தூக்கக் கண்ணோடு பாலம் கடந்த அப்பாவுக்கும் என் நன்றி. நாளை எனக்குக் கீழே ஒரு மாணவர் குடுவையைக் கெடுத்துவிட்டு நின்றால், முதலில் உட்கார இடம் தருவேன். காரணம் பிறகு கேட்கலாம்.

ஐயா கைப்பேசியில் எதுவும் படிப்பதில்லை. இன்று இரவு 10 மணிக்கு அவர் பணிக்கு வருவார். இதைத் தாளில் எழுதி எடுத்துப் போகிறேன், படித்துக் காட்ட.