பிறந்த குழந்தைக்கும் தனி சார்ட்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மெடிக்கல் கோடிங்கில், அதாவது நோயையும் சிகிச்சையையும் இன்ஷூரன்ஸ் பில்லுக்கான எண்களாக மாற்றும் நம் வேலையில், இதயப் பிரிவிலிருந்து குழந்தைகள் பிரிவுக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று புலம்பியிருக்கிறாய். எனக்கென்னவோ சந்தோஷம்தான். நமக்கு வரும் அமெரிக்க சார்ட்டுகளில் (நோயாளியின் சிகிச்சைப் பதிவுகளில்) எனக்குப் பிடித்ததே பிறந்த குழந்தையுடையதுதான். பழைய வியாதிக் கதை எதுவும் இருக்காது பார்!

தாயின் சார்ட் வேறு, குழந்தையின் சார்ட் வேறு. பிரசவத்தின் முடிவைச் சொல்லும் கோடு (code) இசட்37 தாய்க்கு, பிறப்பைச் சொல்லும் இசட்38 குழந்தைக்கு. ஒற்றைக் குழந்தை, சுகப்பிரசவம் என்றால் இசட்38.00, சிசேரியன் என்றால் இசட்38.01. மஞ்சள்காமாலையே வந்திருந்தாலும், பிறந்த ஆஸ்பத்திரியில் இசட்38தான் முதலில் நிற்கும். காமாலைக்கான பி59.9 அதற்குப் பின்னால்தான். குழந்தையை வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் அங்கே இசட்38 போடவே கூடாது.

டாக்டரின் கட்டணத்துக்கான கோடுகளில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். நலமான குழந்தைக்கு முதல் நாள் 99460, அடுத்தடுத்த நாட்களுக்கு 99462. பார்த்த அன்றே டிஸ்சார்ஜும் ஆனால் 99463 மட்டும். இரவு 11.50க்குப் பிறந்த குழந்தையை டாக்டர் மறுநாள் காலையில்தான் பார்க்கிறார் என்று வை. 99460க்குத் தேதி மறுநாள்தான். பிறந்த தேதியைப் போட்டால், டாக்டர் வராத நாளுக்குக் காசு கேட்டதாகிவிடும்.

அப்புறம், என்ஐசியூ (பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) என்று கண்ணில் பட்டதும் 99468க்குப் பாயாதே. படுக்கை எங்கே இருந்தது என்பது கணக்கில்லை. உயிருக்கு ஆபத்தான நிலை, அதற்கேற்ற சிகிச்சை, இரண்டும் டாக்டரின் குறிப்பில் இருக்க வேண்டும். அந்த அளவுக்கு இல்லை, ஆனால் தீவிரக் கண்காணிப்பு தேவை என்றால் முதல் நாள் 99477. பிறகு எடையைப் பார்க்க வேண்டும்: 1500 கிராமுக்குக் கீழே 99478, 2500 வரை 99479, 5000 வரை 99480. பிறந்தபோது இருந்த எடை இல்லை, அன்றைய எடை. குழந்தை தேறத் தேற கோடும் மாறிக்கொண்டே வரும். இந்த வேலையில் எனக்கு மனசு நிறைகிற ஒரே இடம் அதுதான்.

கோடு எல்லாம் சரியாக இருந்தும் சில கிளெய்ம் (இன்ஷூரன்ஸிடம் பணம் கேட்டு அனுப்பும் பில்) திரும்பி வரும். வேலை வழி இன்ஷூரன்ஸில் குழந்தையைச் சேர்க்கப் பெற்றோருக்குப் பொதுவாக 30 நாள்தான் அவகாசம். தூக்கமில்லாத அந்த மாதத்தில் யாருக்கு இது ஞாபகம் இருக்கும்? அதனால் டினையல் (பணம் தர மறுப்பு) வந்தால் கோடுகளைத் திருத்த உட்காராதே, முதலில் குழந்தை பாலிசியில் இருக்கிறதா என்று பார்.

இரட்டைக் குழந்தை சார்ட் ஏதாவது வந்ததா? எழுது.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து சீட் தோழி