கோன்ஃப்ளவரும் ஒரு மருந்துதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளைக்கோஜன் சேமிப்பு நோயின் முதலாம் வகை ஏறத்தாழ ஒரு லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு வருவது. அதன் முக்கிய மருந்து பலசரக்குக் கடைக் கோன்ஃப்ளவர். அதனாலேயே வீட்டில் அதை மருந்தாக மதிப்பதில்லை.

ஈரல் சேமித்து வைக்கும் மாச்சத்தான கிளைக்கோஜனைக் குளுக்கோஸாக்கி இரத்தத்தில் விடும் கடைசிப் படிக்கான நொதியம் இவர்களுக்கு வேலை செய்யாது. சாப்பிட்டு மூன்று, நான்கு மணித்தியாலத்தில் இரத்தச் சீனி விழும், வலிப்பும் வரலாம். அவிக்காத மா மெல்லச் சமிப்பதால் அந்த இடைவெளியைத் தாங்கும். 1984 முதல் இதுவே சிகிச்சை. ஆறு மாதத்துக்குப் பின்னரே, கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குவார்கள்.

சிறு பிள்ளைக்கு ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 1.6 கிராம், மூன்று, நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. 12 கிலோ என்றால் 19 கிராம். சரியான அளவைக் கிளினிக்கில் சீனி பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். வீட்டில் தராசு கட்டாயம்; கரண்டியைக் குவித்து அள்ளினால் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு.

பிழை நேர்வது கரைக்கும்போதுதான். சுடுதண்ணீர் விட்டால் மா வெந்து கூழாகிவிடும். கெதியாகச் சமித்து, சீனி சட்டென ஏறி இறங்கும். தேசிக்காய்ப் புளியும் மாவை உடைக்கும். பிள்ளை குடிக்கட்டும் என்று அம்மம்மா சீனியோ பனங்கற்கண்டோ போட்டால் அதிலுள்ள பிரக்டோஸ் என்ற சீனிவகை குளுக்கோஸாக மாறாமல், இரத்தத்தை அமிலமாக்கும் லக்ரிக் அமிலத்தையே கூட்டும். பழமும் பாலும் அளவோடுதான். கோப்பையின் அடியில் வெள்ளையாகப் படிந்ததும் மருந்தின் பங்குதான். கொஞ்சம் பச்சைத்தண்ணீர் விட்டு அலசிக் கொடுங்கள். கடையில் சோளமா என்று கேட்டால் மஞ்சள் மாவைத் தந்துவிடுவார்கள், அது வேறு. கஸ்ரட் பவுடரும் வேண்டாம்.

வயிற்றோட்டம், வாந்தி வந்தால் மா உள்ளே நிற்காது. வீட்டில் பார்த்துக்கொண்டிராமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அங்கே, சீனி விழுந்தால் மற்றவர்களுக்குப் போடும் குளுக்ககன் ஊசி இவர்களுக்கு உதவாது, லக்ரிக் அமிலத்தைத்தான் ஏற்றும். நாளத்தில் டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஏற்ற வேண்டும். இதை எழுதிய கிளினிக் கடிதம் பிள்ளையின் பையிலேயே இருக்கட்டும். இரவிலும் வேளை தவறக்கூடாது; கொழும்பு இரவு பஸ்ஸிலும் அலாரம் வைத்து எழுப்பி மாவைக் கொடுக்கத்தான் வேண்டும்.

முன்பு பல பிள்ளைகள் சிறு வயதிலேயே இறந்தார்கள். இன்று சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் வளர்ந்து, படித்து, பிள்ளை பெறுகிறார்கள். ஈரற் கட்டியும் சிறுநீரகப் பாதிப்பும் பின்னாளில் வரலாம் என்பதால் ஸ்கானும் சிறுநீர்ப் பரிசோதனையும் ஒழுங்காகத் தொடர வேண்டும். பெற்றோர் இருவரும் மரபணுவைக் காவுவதால் அடுத்த குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. சொந்தத்துக்குள் முடித்தவர்கள் முன்கூட்டியே ஆலோசனை பெறலாம்.

பாடசாலை அதிபர்களிடம் ஒரு வேண்டுகோள்: மூன்று மணித்தியால வினாத்தாள் எழுதும் இப்பிள்ளைகளின் மாப் போத்தலைப் பரீட்சை மண்டபத்துக்குள் விடுங்கள்.

போசணைத் துறை வாசகர்கள்,
யாழ்ப்பாணம்