மகளிர் பக்கத்தில் வந்த கிறீம் குறிப்புப் பற்றி

ஆசிரியர் அவர்கட்கு,

சென்ற மாதம் தங்கள் ஞாயிறு இதழின் மகளிர் பக்கத்தில், விதை எண்ணெய்களைக் கொண்டு வீட்டிலேயே கிறீம் செய்யும் குறிப்பொன்று வந்திருந்தது. எள்ளையும் சூரியகாந்தியையும் ஞாபகப்படுத்தியது நல்ல விஷயம். ஆனால் அந்த எண்ணெயோடு கற்றாழைச் சாறும் பன்னீரும் கலந்து, இரசாயனம் எதுவும் சேர்க்காமல் மூன்று மாதம் வைத்துப் பாவிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதைத் திருத்தியே ஆக வேண்டும்.

நான் மட்டக்களப்புக் களுதாவளையில் வீட்டோடு கிறீம் செய்து விற்கிறவள். வாங்குகிறவர்களில் அதிகம் பேர் வயலுக்கும் தோட்டத்துக்கும் போகிற பெண்கள். கச்சான் காற்றுத் தொடங்கினால் உதடு வெடிக்கும், முழங்கை சாம்பல் பூக்கும், குதிக்கால் வெடிப்புக்குள் மண் ஏறிவிடும். அப்போதுதான் என் படலையைத் தட்டுவார்கள்.

வெறும் எண்ணெயில் கிருமி பெருகாது. தண்ணீர் சேர்ந்தால் கதையே வேறு. கற்றாழைச் சாறு முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான். போதாததற்குக் கிருமிக்குத் தீனியும் அதிலேயே இருக்கிறது. விற்றமின் ஈ குளிசையை உடைத்து ஊற்றினால் பழுதாகாது என்றும் குறிப்பில் இருந்தது. அது எண்ணெய் காறுவதைப் பிந்தப்பண்ணும், அவ்வளவுதான். பூஞ்சணத்துக்கும் பற்றீரியாவுக்கும் அது ஒரு பொருட்டே இல்லை.

அந்தக் குறிப்பைப் பார்த்துச் செய்ததை அயல் வீட்டுப் பிள்ளை ஒருத்தி ஜாம் போத்தலில் கொண்டுவந்து காட்டினாள். எண்ணெய் பிரிந்து மேலே மஞ்சளாக நின்றது. தேன்மெழுகு மட்டும் போட்டால் தண்ணீரும் எண்ணெயும் ஒட்டி நிற்காது, அதற்கென்று தனி மெழுகு விற்கிறார்கள். மூடியின் உட்புறத்தில் கருஞ்சாம்பல் புள்ளிகள். பன்னீர் வாசம் தூக்கலாக இருந்ததால் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. "மாமியின்ர காலுக்குத்தான் பூசுறன் அக்கா" என்றாள். மாமி நீரிழிவுக்காரி, காலில் வெடிப்பு. நினைத்துப் பாருங்கள்.

கடைக் கிறீமில் கிருமி பெருகாமல் தடுக்கச் சேர்க்கும் பினொக்சிஎதனோல் போன்றவற்றை நஞ்சு என்று பயமுறுத்துவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் அதை 1 வீதம் வரை அனுமதிக்கிறது. தண்ணீர் கலந்த கிறீமுக்கு அப்படி ஒன்று கட்டாயம் வேண்டும். வேண்டாம் என்கிறவர்கள் தண்ணீரையும் விட்டுவிட வேண்டும். நாலு பங்கு நல்லெண்ணெய்க்கு ஒரு பங்கு தேன்மெழுகு. கொதிநீர்ச் சட்டிக்குள் பாத்திரத்தை வைத்து உருக்கி, ஈரம் துளியும் இல்லாத டப்பாவில் ஊற்றி ஆறவிட்டால் களிம்பு தயார். குளித்துவிட்டுத் தோல் ஈரமாக இருக்கும்போதே மெல்லிதாகத் தடவினால் அந்த ஈரம் உள்ளே நிற்கும்.

ஏன் நல்லெண்ணெய் என்று கேட்பார்கள். தோலின் மேற்படை ஈரத்தைப் பிடித்து வைக்க லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் தேவை. நல்லெண்ணெயில் அது ஏறத்தாழ 40 வீதம். சாதாரண சூரியகாந்தி எண்ணெயில் இன்னும் கூட, ஆனால் நம்முடைய வெக்கையில் அது கெதியாகக் காறிவிடும். எள்ளிலோ காறலைத் தடுக்கும் செசமோல் இயல்பாகவே உண்டு. விலை கொடுத்து வாங்கும் ஒலிவ் எண்ணெயில் ஒலெயிக் அமிலம் என்ற வேறொரு கொழுப்பமிலம்தான் மிகுதி. தனியாகத் தொடர்ந்து பூசினால் அது தோலின் காப்பைக் குலைக்கிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். தேங்காயெண்ணெய் தோலை மூடி ஈரத்தைக் காக்கும், லினோலெயிக் அதில் சொற்பம். எள்ளு ஒத்துக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள், முழங்கை மடிப்பில் சிறிது பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

எனக்குக் கோபமே வந்தது வேப்பெண்ணெய் வரியில்தான். கைக்குழந்தைக்கும் பூசலாமாம்! வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போய் வாந்தியும் வலிப்பும் வந்த சிசுக்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். கைக்குழந்தை கையைச் சூப்பாமல் இருக்குமா?

பலர் அந்தக் குறிப்பை வெட்டி வைத்திருக்கிறார்கள், எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஆகவே திருத்தத்தை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். கற்றாழை வரியையும் வேப்பெண்ணெய் வரியையும் தவறென்று பெயர் சொல்லியே போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
களுதாவளை.