ஐயா கேட்ட படம்

போட்ஸ்பியோர்ட், நோர்வே
18.02.2001

அன்புள்ள ஐயாவுக்கும் அம்மாவுக்கும்,

தீபாவளி கழிந்து நீங்கள் எழுதிய கடிதம் கார்த்திகை முடிவிலேயே கிடைத்துவிட்டது. இன்றுவரை பதில் எழுதாதது என் பிழைதான். அம்மா நாள்தோறும் தபாற்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பதாகச் சின்னக்கா எழுதியதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாவது குளிர்காலமும் வந்துவிட்டது, துருவ ஒளியைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே, கண்டால் படம் பிடித்து அனுப்பு என்று ஐயா கேட்டிருந்தார். படத்தோடு சேர்த்து அனுப்பலாம் என்று காத்திருந்ததில் மாதங்கள் ஓடிவிட்டன.

ஒளியை நான் காணாமல் இல்லை. வந்த முதல் ஆண்டே, மீன் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து அறைக்குத் திரும்பும்போது மலைக்கு மேலே பச்சையாக ஒன்று எழுந்தது. ஊரில் ஆமி இரவில் வானத்தில் விடும் பரா வெளிச்சத்தைத்தான் போட்டுவிட்டார்கள் என்று எண்ணி, அப்படியே சுவரோடு ஒட்டிக் குந்திவிட்டேன். பின்னால் வந்த நோர்வேக்காரப் பெண் நான் பனியில் வழுக்கிவிட்டதாக நினைத்துக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். வெளிச்சத்துக்குப் பின்னால் சத்தம் வரும் என்று பழகிய காது, அது வானம் முழுக்கப் பரவி அடங்கும்வரை காத்திருந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. இதை உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் எழுதாமல் விட்டேன்.

ஐயா வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டியது சரிதான். சூரியனிலிருந்து வரும் மின்னேற்றத் துகள்கள் பூமியின் காந்தப்புலத்தின் வழியே இறங்கி, ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் உயரத்தில் ஒட்சிசனில் மோதும்போது பச்சை பிறக்கிறது; இன்னும் மேலே நிகழ்ந்தால் சிவப்பு. ஆனால் துருவத்துக்கு நேர் மேலேதான் அது மிகுதியாகத் தோன்றும் என்று நாங்கள் நினைத்திருந்தோம் அல்லவா, அது பிழை. காந்தத் துருவத்தைச் சுற்றி ஒரு வளையமாகத்தான் தோன்றுகிறது. நான் இருக்கும் இடம் அந்த வளையத்தின் கீழே வருகிறது. 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியன் கொந்தளிக்கும் காலமும் இப்போதுதான் நடக்கிறது. ஆகவே ஒளிக்குக் குறைவில்லை. முகில்தான் எதிரி, இது கடற்கரை ஊர் என்பதால் பல இரவுகளில் ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாது.

கமரா என்னுடையதன்று, கீழ்வீட்டுக் கிழவருடையது. அவரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். நாற்பது வருடம் கடலில் இருந்தவர், மீனை உப்புத் தண்ணீரில் அவித்து, அதன் ஈரலையும் சினையையும் பக்கத்தில் வைத்து, மிளகாய் என்ற ஒன்று உலகில் இருப்பதையே அறியாமல் சாப்பிடுபவர். ஒளி வானில் நிற்கும்போது சீட்டியடிக்கக் கூடாது, வெள்ளைத் துணியை வீசக் கூடாது, அது இறங்கி வந்து ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று சொல்வார். நான் மூக்கைத் துடைக்க லேஞ்சியை எடுத்தாலும் கையைப் பிடித்து இறக்குவார். முனிக்கு அஞ்சிப் புளியடியால் போகாத நம் ஊருக்கு இவர் சொந்தக்காரர்தான்.

முதல் றோல் குளிரில் காய்ந்து விறைத்து, நான் அவசரமாகச் சுற்றியதில் கிழிந்துபோனது. இரண்டாவதைக் கழுவக் கொடுத்த இடத்தில், முழுக்கக் கறுப்பாக இருக்கிறது, படம் விழவில்லை என்று அவர்களாகவே முடிவுசெய்து, ஒன்றையும் அச்சிடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிலிமும் கழுவும் கூலியும் இங்கே பெரிய செலவல்ல, அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். புயலடிக்கும் நாட்களில் வள்ளங்கள் வராததால் எங்களுக்கு ஓய்வும் நன்றாகக் கிடைக்கிறது. இந்த மாதம் நிறையவே கிடைத்தது.

1892இல், இங்கிருந்து மேற்கே அல்தாவுக்கு அருகில் பொசேகொப் என்ற இடத்தில், மார்ட்டின் பிரெண்டல் என்ற ஜெர்மானியர் எடுத்ததுதான் இந்த ஒளியின் முதற்படமாம். அவர் பட்ட பாட்டை நினைத்து என்னைத் தேற்றிக்கொண்டேன்.

தை அமாவாசை கழிந்த மூன்றாம் இரவு வானம் வெளித்தது. பூச்சியத்துக்குக் கீழே 12 பாகை. கிழவரும் நானும் ஊருக்கு மேலுள்ள சரிவில் ஏறி, முக்காலியைப் பனியில் ஊன்றி, மூச்சு கண்ணாடியில் பட்டு உறையாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றோம். பத்து மணியளவில் கிழக்கிலிருந்து மேற்குவரை ஒரு வில் எழுந்து, பிறகு காற்றில் கொடிச்சேலை அசைவதுபோல மடிந்து மடிந்து ஓடியது. ஒவ்வொரு படத்துக்கும் 20 விநாடி எண்ண வேண்டும். கிழவர் நோர்வே மொழியிலும் நான் தமிழிலும் எண்ணினோம். திரும்பியதும் ஈரம் படியாமலிருக்கக் கமராவைப் பையில் கட்டி விடியும்வரை வைத்தோம். ஆறில் ஒன்றுதான் தேறியது. படத்தில் தெரியும் அளவுக்குப் பச்சை கண்ணுக்குத் தெரியாது, ஐயா. கண்ணுக்குப் பெரும்பாலும் சாம்பல் கலந்த வெளிறல்தான். உங்கள் மாணவர்களுக்கு இதைச் சொல்லிவிட்டுக் காட்டுங்கள்.

குளிர்காலத்தில் இங்கே மறைந்துபோகும் சூரியன் பொங்கலன்றும் எழவில்லை, அதற்கு இன்னும் சில நாட்கள் இருந்தன. என்னோடு இருந்த பொடியன் கார்த்திகையில் ஒஸ்லோவுக்கு வேலை தேடிப் போய்விட்டதால் அறை இப்போது விசாலமாக இருக்கிறது. நான் மட்டும் மின்சார அடுப்பில் பொங்கி, நண்பகலில் தெற்கே வானம் சற்றுச் சிவந்தபோது சன்னலோரம் வைத்துக் கும்பிட்டேன். கிழவருக்கும் கொடுத்தேன். நோர்வே அரிசிக் கஞ்சி என்று எண்ணி, அதன்மேல் வெண்ணெயும் கறுவாத்தூளும் போட்டுச் சாப்பிட்டார். அம்மா, முற்றத்தில் பானை பொங்கிச் சரியும்போது நீங்கள் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு எங்களை அதட்டுவீர்களே, அந்தக் குரலைக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அன்றைக்கு வேறொன்றும் எழுத முடியவில்லை.

இனி வீட்டு விடயங்கள். சின்னக்காவின் கலியாணத்துக்குச் சித்திரையில் நாள் வைக்க வேண்டாம். அப்போது இங்கே வேலை மும்முரம். ஆவணியில் வைத்தால் எனக்கும் வசதியாக இருக்கும் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் மாமாவைக் கொண்டு பக்குவமாகச் சொல்லுங்கள். கிணற்றுப் பங்கு விடயத்தில், பெரியப்பா உறுதியில் கையெழுத்து வைக்கும்வரை மதில் வேலையைத் தொடங்க வேண்டாம். வாய்வார்த்தையை நம்பிச் சீமெந்து வாங்கிவிடாதீர்கள். தம்பி பின்னேர வகுப்பை நிறுத்தக் கூடாது, அந்தக் காசை நான் தனியாக அனுப்புவேன்.

இக்கடிதத்தை ஒஸ்லோவிலிருந்து கொழும்புக்கு வரும் ஒருவர் மாமாவிடம் சேர்ப்பார். படத்தோடு 200 குரோனர் நோட்டு ஒன்றையும் வைத்திருக்கிறேன். அதிலிருப்பவர் இந்த ஒளியை ஆராய்ந்த கிறிஸ்தியான் பிர்க்லன்ட். பின்பக்கத்தில் நான் சொன்ன வளையம் வரையப்பட்டிருக்கிறது. ஐயா பார்த்து முடிக்கும்வரை ஒருவரும் அதை மாற்றிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பி.கு.: படத்தின் அடியில், இடப்பக்க மூலையில் மஞ்சளாகத் தெரியும் சன்னல் என் அறையினுடையது. விளக்கை அணைக்காமல் போய்விட்டேன்.