முன்வரிசைக்குப் பின்னால் எனக்கு இடம் தந்தவர்களுக்கு

பினாங்கில் சீன இசை நாடகமான வாயாங் ஆடுகிறவர்களுக்கும், மேடை போடுகிறவர்களுக்கும், என்னோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்கும் வணக்கம்.

இந்த வருடம் சீனர்களின் ஏழாம் மாதமான பேய் மாதத்தில் ஒரு வாயாங்கூடப் பார்க்க முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். மே மாதம் முட்டியில் அறுவை சிகிச்சை. கூட்டத்தில் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் 4 இரவுகள் பார்த்துவிட்டேன். அந்த 4 இரவுகளுக்கும் அதற்கு முந்தைய 11 வருடங்களுக்கும் சேர்த்து நன்றி சொல்லத்தான் இந்த மடல். வெளியூர்க்காரர்கள் ஓபரா என்பதை நாங்கள் வாயாங் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தமிழில் எழுதுவதற்குக் காரணம், நம்மவர்களுக்கும் இது தெரிய வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் கதை சொல்லும் சீன ஆன்ட்டிக்கு நானே மலாயில் படித்துக் காட்டிவிடுவேன்.

முதல் நன்றி அந்த ஆன்ட்டிக்கு. 11 வருடத்துக்கு முன், லிட்டில் இந்தியாவில் புடவைக் கடை வேலை முடித்து ஜெட்டி பஸ் நிலையத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். ஒரு சந்து முனையில் மேடை, விளக்கு, மூங்கில் அதிரும்படி மேளம். முன்வரிசை முழுக்கக் காலியாக இருந்ததால் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. "சினி, சினி" (இங்கே, இங்கே) என்று இரண்டாம் வரிசைக்கு அழைத்துப் போய், தன் பக்கத்தில் உட்கார வைத்தார் ஆன்ட்டி. முன்வரிசை மறுவுலகத்திலிருந்து வந்தவர்களுக்காம். அமாவாசைப் படையலில் காக்கைக்கு வைத்த பிறகுதானே நாம் சாப்பிடுகிறோம்? எனக்கு உடனே புரிந்துவிட்டது. திட்டாமல், சிரிக்காமல் ஒரு அந்நியப் பெண்ணை இடம் மாற்றி உட்கார வைத்த அந்தக் கையை நான் மறக்கவே மாட்டேன்.

அன்று ஆடியது தியோச்சூ என்ற சீன மொழியில் வாயாங். ஆன்ட்டி பேசுவது ஹொக்கியன். இரண்டும் நெருங்கிய மொழிகள் என்பதால் அவருக்குப் பெரும்பாலும் புரியும். புரிந்ததை என் காதில் மலாயில் சொல்லுவார். முகத்தில் சிவப்பு என்றால் விசுவாசம், வெள்ளை என்றால் வஞ்சகம், கறுப்பு என்றால் நேர்மை. மூக்கைச் சுற்றி வெள்ளைத் திட்டு இருந்தால் அவன் கோமாளி, நம் கூத்தில் வரும் கட்டியங்காரனுக்குத் தம்பி. குஞ்சம் வைத்த சாட்டை கையில் இருந்தால் குதிரையில் வருகிறார், துடுப்பு இருந்தால் படகில் போகிறார். மேடையை ஒரு சுற்றுச் சுற்றினால் பல நாள் பயணம். ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் அரண்மனையாகும், நீதிமன்றமாகும், மலையாகவும் ஆகும். இதெல்லாம் தெரிந்த பிறகு மேடையில் எதுவுமே குறைவாகத் தெரியவில்லை.

பாவ் கோங் நீதிபதியின் கதையை ஆன்ட்டி சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. தேர்வில் வென்ற ஒருவன் ஊரில் மனைவி மக்கள் இருப்பதை மறைத்து இளவரசியை மணந்துகொள்கிறான். தேடி வந்த மனைவியைத் தெரியாது என்கிறான். அவள் இரண்டு பிள்ளைகளோடு நீதி கேட்டு நிற்கிறாள். பாண்டியன் வாசலில் நின்ற கண்ணகி கண்முன் வந்தாள், எனக்கு அழுகை வந்துவிட்டது. அரச குடும்பமே தடுக்க வருகிறது. கறுத்த முகமும் நெற்றியில் பிறையுமாக உட்கார்ந்திருந்த நீதிபதி, பதவி போனால் போகட்டும் என்று தலையிலிருந்த தொப்பியைக் கழற்றுகிறார். அந்த இடத்தில் மேளம் சட்டென்று நின்றது. ஆன்ட்டியும் பேச்சை நிறுத்திவிட்டார். சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அடுத்து மேளக்கார அங்கிளுக்கும் அவர் பக்கத்தில் ஊதுகிறவருக்கும். என் தாத்தா தவில்காரர் என்று ஒருநாள் சொன்னேன். அப்புறம் மேடை ஓரத்தில், வாத்தியக்காரர்களுக்குப் பக்கத்தில் என்னை உட்கார விட்டார்கள். கீழேயிருந்து பார்த்தால் நடிகர்தான் எல்லாம் என்று தோன்றும். பக்கத்தில் இருந்தால்தான் மேளக்காரரே அத்தனையையும் நடத்துகிறார் என்று தெரிகிறது. நடிகை கால் வைப்பதும், கை உதறி வெள்ளைப் பட்டுச் சட்டைக்கை நீளமாக விரிவதும், ஜால்ரா விழுவதும் அவர் குச்சியைப் பார்த்துத்தான். ஊதுகிறவர் தன் சுவோனாவைக் கழற்றிக் காட்டினார். உள்ளே நம் நாதஸ்வரத்தைப் போலவே இரட்டை நாணல் சீவாளி! தாத்தா உயிரோடு இருந்திருந்தால் அந்தச் சீவாளியைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பார்.

பேய் மாதத்தில் அங்கே போகாதே, ஏதாவது வீட்டுக்குப் பின்னாலேயே வரும் என்று என் அக்கா பயப்படுவாள். தைப்பூச ரதம் வரும் வழியெல்லாம் சீனர்கள் தேங்காய் குவித்து உடைக்கிறார்களே, அவர்கள் பயந்தா நிற்கிறார்கள் என்று கேட்டேன். அடுத்த வாரமே என்னோடு வந்தாள். இப்போது அவளுக்கு நாயகிகளின் தலை அலங்காரம்தான் பேச்சு. வந்ததற்கு உனக்கும் நன்றி, அக்கா.

இந்த வருடம் கை வைத்த நாற்காலி ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து, கால் நீட்ட வசதியாக வரிசை ஓரத்தில் போட்ட பாசார் (சந்தை) வியாபாரிகளின் குழுவுக்கு நன்றி. ஏழு மணிக்கே விட்ட முதலாளிக்கும், காரில் கொண்டுவந்து விட்ட மகனுக்கும், கேட்காமலே தே தாரேக் (இழுத்து ஆற்றிய டீ) அனுப்பிய கடைக்காரருக்கும் நன்றி.

கடைசியாக, நாயகியாக நடித்த தங்கைக்கு. மூன்றாம் இரவு மழை. பக்கத்துத் தெருவில் பாட்டுக் கச்சேரி மேடை வேறு. இந்தக் காலத்தில் கூட்டம் அங்கேதான் போகிறது, அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. எங்களையும் சேர்த்து ஏழு பேர்தான் குடை பிடித்து உட்கார்ந்திருந்தோம். கண்ணை மேலே இழுக்கும் துணியை நெற்றியில் இறுகக் கட்டி, பின்மேடையில் தங்கள் தெய்வத்துக்கு ஊதுபத்தி ஏற்றிவிட்டு வந்து, ஒரு வரிகூட விடாமல் பாடினார். முடிந்ததும் பின்பக்கம் போய், இந்த மழையில் கொஞ்சம் சுருக்கியிருக்கலாமே என்று கேட்டேன். முகப்பூச்சைத் துடைத்துக்கொண்டே, நனைந்து நின்ற முன்வரிசை நாற்காலிகளைக் காட்டினார். "எல்லாரும் வந்திருக்கிறார்களே."

சீனர்களின் ஒன்பதாம் மாதம் 19ஆம் நாள், கருணைத் தெய்வமான குவான் யின் கோவில் திருவிழா. குயின் ஸ்திரீட் மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு அங்கே நடந்தே வந்துவிடலாம், அதற்குள் முட்டி சரியாகிவிடும். ஆன்ட்டி, பக்கத்தில் ஒரு இடம் பிடித்து வையுங்கள். நீங்கள் கேட்ட நெல்லிக்காய் ஊறுகாய், உப்பு குறைத்துப் போட்டது, கொண்டு வருகிறேன்.