‘கவனக்குறைவு’ என்று எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகள் மனநலம் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையில், ஏடிஎச்டி என்பது ‘கவனக்குறைவு மற்றும் அதீத இயக்கக் கோளாறு’ என்று தமிழாக்கப்பட்டிருந்தது. தமிழ் இதழ்கள் பலவும் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் ‘ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து’ என்று செய்தி எழுதுவதும் இதே சொல்லைக் கொண்டுதான். தமிழ்க் காதுக்கு அது ஒரு நிலையின் பெயராக ஒலிப்பதில்லை, குற்றச்சாட்டாகவே ஒலிக்கிறது.

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகளின் மதிப்பெண் அட்டையில் மூன்று ஆண்டுகளாக இச்சொல்தான் இருந்தது. அவளுடைய கணக்கு நோட்டில் வழிமுறை சரியாக இருக்கும். மூன்றாம் வரியில் உள்ள கழித்தல் குறி மட்டும் நான்காம் வரிக்கு வந்து சேராது. இரவு கண்விழித்து முடித்த வீட்டுப்பாடத்தை மறுநாள் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க மறந்துவிட்டு, வகுப்புக்கு வெளியே நின்ற நாள்கள் உண்டு. அதே பெண் மார்கழியில், பால்காரர் கூப்பிடுவதுகூடக் காதில் விழாமல், 21 புள்ளிக் கோலத்தை ஓர் இழை பிசகாமல் போட்டு முடிப்பாள். அவளிடம் கவனம் இல்லாமல் இல்லை, அதை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்குத் திருப்புவதுதான் அவளுக்குக் கடினம் என்று மருத்துவர் விளக்கிய பிறகே எனக்கு விளங்கிற்று. ஓடியாடித் தொல்லை தராமல் சன்னலோரம் அமைதியாக இருப்பவள் என்பதால், பெண் குழந்தைகள் பலருக்கும் நேர்வதைப் போல, அவள் விஷயத்திலும் இது ஏடிஎச்டியாக இருக்குமோ என்ற ஐயம் யாருக்கும் எழவில்லை.

மருத்துவர் ஒரே நாளில் முடிவு சொல்லிவிடவில்லை. கண், காது, தூக்கம் ஆகியவற்றை விசாரித்த பின், அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கினவா, ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடிக்கின்றனவா, வீட்டிலும் பள்ளியிலும் ஒருசேரத் தென்படுகின்றனவா என்று என்னிடமும் வகுப்பாசிரியையிடமும் தனித்தனியே கேட்டறிந்தார்.

‘குளிச்சிட்டு, பையை அடுக்கி வச்சிட்டு, சாப்பிட வா’ என்று ஒரே மூச்சில் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். ஒரு வேலை முடிந்த பிறகே அடுத்ததைச் சொல்கிறேன். காலையில் எடுத்துச் செல்ல வேண்டியவற்றின் பட்டியல் வாசற்கதவில் ஒட்டியிருக்கிறது. (இதெல்லாம் செல்லம் என்கிறார் என் மாமியார், அவர் மாத்திரை போடுவதும் பட்டியலைப் பார்த்துத்தான்.) முடித்த வீட்டுப்பாடம் ஒரு சிவப்பு உறைக்குள் போகிறது, வருகைப் பதிவின்போதே ஆசிரியை அந்த உறையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். புகார்களில் பாதி அதோடு நின்றுபோயின.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரிசைப்படுத்தும் 21 வகைகளில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கின்றன. ஏடிஎச்டி தனியாக இடம்பெறவில்லை. ஆகவே இக்குழந்தைகள் பெரும்பாலும் ஆசிரியரின் புரிதலை நம்பியே இருக்கிறார்கள். அந்த ஆசிரியர் முதலில் படிக்கும் பெயரே பழி சுமத்துவதாக இருக்கலாமா?

ஆட்டிசத்தை ஆட்டிசம் என்றே எழுதப் பழகிவிட்டோம். இதையும் ஏடிஎச்டி என்றே தாங்கள் அச்சிட வேண்டும் என்றும், விளக்கம் தேவைப்படும் இடங்களில் ‘கவனத்தை நெறிப்படுத்துவதில் உள்ள சிக்கல்’ என எழுத வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருநெல்வேலி.