சனி இரவு சர்வர் வட்டு மாற்றம்

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை இரவு 9 முதல் 11 மணி வரை நம் டர்பன் தமிழ் வகுப்புச் சர்வர் இயங்காது. படங்கள், ஒலிப்பதிவுகள், பாடங்கள் மூன்றும் இனி ஒரே பார்ட்டிஷனில் (வட்டின் தனிப் பகுதியில்) இருக்கும். பைண்ட் மவுண்ட் (ஓர் அடைவை, அதாவது ஃபோல்டரை, இன்னொரு பாதையிலும் தெரியச் செய்வது) செய்வதால் பழைய பாதைகள் மாறாது.

1. மாலை 6-க்குள் பதிவேற்றங்களை முடித்துவிடுங்கள்.
2. நிர்வாகிகள் கவனத்துக்கு: எஃப்எஸ்டேப் கோப்பில் (சர்வர் தொடங்கும்போது எவற்றை மவுண்ட் செய்வது, அதாவது இணைப்பது, என்ற பட்டியல்) பார்ட்டிஷன் வரி மேலே, மூன்று பைண்ட் வரிகளும் அதற்குக் கீழே. பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாமல் பைண்ட் ஆனால் வெற்று அடைவு இணைந்து, கோப்புகள் ரூட் வட்டை (சிஸ்டம் இருக்கும் வட்டை) நிரப்பிவிடும்.
3. பழைய கோப்புகளை நகலெடுத்து, சரிபார்த்து, அழித்த பிறகே பைண்ட் மவுண்ட். இல்லாவிட்டால் அவை அடியில் மறைந்தபடி இடத்தைப் பிடித்திருக்கும்.
4. இடம் பொது. பெரிய காணொளிகள் வேண்டாம். ஒரு அடைவு இடத்தை நிரப்பினால் மூன்றும் நின்றுவிடும்.

அந்நேரம் மின்வெட்டு இருந்தால் ஞாயிறு காலை 8 மணிக்குச் செய்வோம். பார்த்தவர்கள் வெள்ளிக்குள் "சரி" என்று பதில் போடுங்கள்.